கிழங்கு நல்லதா, கெட்டதா?

ஜனவரி மாதம் பிறந்தால் பெங்களூரின் சந்தைகள் நிறம் மாறிவிடும். காந்தி பஜார், மல்லேசுவரம், கிருஷ்ணராஜ மார்க்கெட், எங்கு போனாலும் கரும்புக் கட்டுகள் சாய்ந்து நிற்கும். பக்கத்தில் அவரைக்காய்க் குவியல். அடுத்து நிலக்கடலைக் குவியல். அதற்கும் அடுத்து, மண் ஒட்டிய சிவப்புத் தோலோடு சர்க்கரைவள்ளிக் கிழங்கு. கன்னடத்தில் இதற்குக் கெணசு என்று பெயர். சங்கராந்தி அன்று கெணசு, அவரை, கடலை மூன்றையும் அவித்து உண்பது அந்த ஊர் வழக்கம். அதே நாளில் பெங்களூரில் வாழும் தமிழர்களுக்குப் பொங்கல். நெல்லைப் பக்கத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் பனங்கிழங்கும் சிறுகிழங்கும் சேனையும் வைத்துப் படைப்பார்கள்.

பண்டிகை முடிந்ததும் பல வீடுகளில் கிழங்கை மறந்துவிடுவார்கள். உருளைக்கிழங்கு மட்டும் ஆண்டு முழுவதும் வரும். மற்றக் கிழங்குகளை ஏன் வாங்குவதில்லை என்று கேட்டால் மூன்று பதில்கள் கிடைக்கும்.

“கிழங்கு வாயு.”

“கிழங்கு தின்றால் உடம்பு பெருக்கும்.”

“சர்க்கரை வியாதிக்காரர்கள் கிழங்கைத் தொடவே கூடாது.”

இந்தப் பேச்சில் உண்மை எவ்வளவு? தெரிந்துகொள்வது அவசியம். ஏனென்றால் நம் நாட்டில் 10 கோடிக்கும் அதிகமானோருக்கு நீரிழிவு நோய் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய பெரிய கணக்கெடுப்பு 2023ஆம் ஆண்டில் இதைச் சொன்னது. இன்னும் 13 கோடிக்கு மேற்பட்டோர் அந்த நோயின் வாசற்படியில் நிற்கிறார்கள். இவர்கள் தட்டில் எதை வைக்கலாம், எதை எடுக்கலாம் என்பது சின்ன விஷயம் இல்லை.

வேர்க்காய் வேறு, கிழங்கு வேறு

மண்ணுக்குள் விளைவதை எல்லாம் நாம் கிழங்கு என்று ஒரே கூடையில் போடுகிறோம். முதலில் கூடையைப் பிரிக்க வேண்டும்.

முள்ளங்கி, கேரட், பீட்ரூட் ஆகியவை ஒரு கூட்டம். இவற்றில் மாவுச்சத்து மிகக் குறைவு. தண்ணீரும் நாரும்தான் அதிகம். கேரட்டிலும் பீட்ரூட்டிலும் கொஞ்சம் இனிப்பு உண்டு. ஆனால் ஒரு வேளைக்கு நாம் சாப்பிடும் அளவில் அது பெரிய தொல்லை தராது. நூக்கல் மண்ணுக்கு மேலே தண்டு பருத்து வருவது. ஆனாலும் குணத்தில் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது. இவற்றைக் காய்கறிக் கணக்கில் எழுதிக்கொள்ளலாம்.

பெங்களூரை அடுத்த ஹெசரகட்டாவில் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. 1967ஆம் ஆண்டு முதல் இயங்குகிறது. அங்கே உருவான முள்ளங்கி வகை ஒன்றுக்கு அர்கா நிஷாந்த் என்று பெயர். அர்க்காவதி ஆறு அந்தப் பக்கம் ஓடுகிறது. அதனால் அந்த நிறுவனம் தன் பயிர் வகைகளுக்கெல்லாம் அர்கா என்று பெயர் தொடங்குகிறது. சந்தையில் விதை வாங்கும் விவசாயிகள் இந்தப் பெயரைக் கேட்டிருப்பார்கள்.

இரண்டாவது கூட்டம் சர்க்கரைவள்ளி, மரவள்ளி, சேனை, கருணை, சேப்பங்கிழங்கு, உருளைக்கிழங்கு. செடி தன் பிற்காலத்துக்காக உணவைச் சேர்த்து வைக்கும் களஞ்சியங்கள் இவை. அந்த உணவுதான் மாவுச்சத்து. உருளைக்கிழங்கு உண்மையில் வேரே இல்லை. மண்ணுக்குள் பருத்த தண்டு அது. கண் கண்ணாக முளை விடுகிறதே, அதுதான் தண்டு என்பதற்கு அடையாளம்.

இந்த இரண்டாவது கூட்டத்தைக் காய்கறிக் கணக்கில் எழுதக் கூடாது. சோற்றுக் கணக்கில் எழுத வேண்டும். பாதிக் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. தட்டு நிறையச் சோறு, அதற்குத் தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு வறுவல். பார்க்கச் சோறும் கறியும் போல் இருக்கும். உடம்புக்கு அது சோறும் சோறும்தான். பெங்களூரின் புகழ்பெற்ற மசால் தோசையும் அப்படித்தான். வெளியே அரிசி, உள்ளே உருளைக்கிழங்கு. ருசியில் குறை சொல்ல முடியாது. ஆனால் அதைத் தின்றுவிட்டு, “காலையில் ஒரு தோசைதான் சாப்பிட்டேன்” என்று சொன்னால் கணக்குத் தப்பு.

வயிற்றுக்குள் நடப்பது என்ன?

மாவுச்சத்து சிறுகுடலுக்குப் போனதும் உடைந்து சர்க்கரையாகிறது. அந்தச் சர்க்கரை இரத்தத்தில் சேர்கிறது. கணையம் இன்சுலினைச் சுரந்து சர்க்கரையை உடம்பின் திசுக்களுக்கு அனுப்புகிறது. சர்க்கரை மெதுவாக வந்தால் இந்த வேலை ஒழுங்காக நடக்கும். ஒரே நேரத்தில் வெள்ளம் போல் வந்தால் கணையம் திணறும். நீரிழிவு உள்ளவர் உடம்பில் இந்த வெள்ளம் வடிவதற்கு நேரம் ஆகும்.

நார்ச்சத்து வேறு வகை. அதை நம் சிறுகுடலால் உடைக்க முடியாது. அது அப்படியே பெருங்குடலுக்குப் போகும். போகிற வழியில் உணவோடு கலந்து நின்று, சர்க்கரை இரத்தத்தில் சேரும் வேகத்தைக் குறைக்கும்.

இப்போது ஒரு கணக்குப் பாருங்கள். 100 கிராம் வெள்ளைச் சோற்றில் மாவுச்சத்து ஏறக்குறைய 28 கிராம். நார் 1 கிராம்கூடத் தேறாது. 100 கிராம் அவித்த சர்க்கரைவள்ளியில் மாவும் இனிப்புமாக ஏறக்குறைய 20 கிராம். நார் 3 கிராம் அளவுக்கு இருக்கும். சேனைக்கிழங்கிலும் நார் நன்றாகவே உண்டு. மரவள்ளியில் மட்டும் மாவுச்சத்து சோற்றைவிட அதிகம். எல்லாக் கிழங்கும் ஒன்றல்ல என்பது இதிலிருந்து தெரியும்.

நமக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு நார் வேண்டும்? பெரியவர்களுக்குக் குறைந்தது 25 கிராம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொன்னது. காலையில் சித்ரான்னம், மதியம் சோறும் சாறும், இரவும் சோறு. இப்படிச் சாப்பிடுகிறவர்களுக்கு அதில் பாதி கிடைப்பதே கடினம்.

பெருங்குடலில் ஒரு கூட்டுக் குடும்பம்

பெருங்குடலுக்குள் கோடானுகோடி நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. இவை நோய்க்கிருமிகள் அல்ல. நம்மோடு கூடி வாழ்பவை. சிறுகுடலில் செரிக்காமல் வரும் நார்தான் இவற்றுக்குச் சாப்பாடு. நாரோடு கொஞ்சம் மாவுச்சத்தும் செரிக்காமல் தப்பி வரும். அதையும் இவை உண்ணும். நார் போலவே வேலை செய்யும் அந்த மாவைச் ‘செரிக்காத மாவு’ என்று சொல்லலாம்.

நுண்ணுயிர்கள் இவற்றைப் புளிக்க வைக்கின்றன. இட்லி மாவு இரவில் புளித்துப் பொங்குகிறது அல்லவா? அதைப் போலத்தான். அப்போது சில அமிலங்கள் உண்டாகின்றன. அவற்றில் ஒன்று பெருங்குடலின் உட்சுவருக்கே உணவாகிறது. சுவர் வலுவாக இருந்தால் குடல் நலமாக இருக்கும்.

புளிக்கும்போது காற்றும் உண்டாகும். “கிழங்கு வாயு” என்று பெரியவர்கள் சொன்னது பொய் இல்லை. ஆனால் அந்த வாயு நோய் அல்ல. நுண்ணுயிர்கள் வேலை செய்கின்றன என்பதற்கு அது அடையாளம். பல நாள் நாரே இல்லாமல் இருந்துவிட்டுத் திடீரென்று அரைக் கிலோ கிழங்கைத் தின்றால் வயிறு உப்பத்தான் செய்யும். சிறிது சிறிதாக வாரக்கணக்கில் கூட்டினால் வயிறு பழகிவிடும். அப்படியும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. அடிக்கடி வயிற்று வலியும் பேதியும் மலச்சிக்கலும் மாறி மாறி வருகிறவர்கள் மருத்துவரைக் கேட்டுத்தான் கூட்ட வேண்டும்.

செரிக்காத மாவு எவ்வளவு பெரிய வேலை செய்யும் என்பதை வேலூர் மருத்துவர்கள் உலகுக்குக் காட்டினார்கள். காலரா வந்தவருக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் கொடுப்பது நமக்குத் தெரியும். அது உயிரைக் காக்கும். ஆனால் பேதி நிற்க நாளாகும். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் பி.எஸ். ராமகிருஷ்ணாவும் அவருடன் இருந்தவர்களும் ஒரு சோதனை செய்தார்கள். காலரா வந்த 48 பேரை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான உப்புச் சர்க்கரை நீர். இன்னொரு பிரிவுக்கு அதனுடன் அரிசி மாவு. மூன்றாவது பிரிவுக்கு அதனுடன், லிட்டருக்கு 50 கிராம் வீதம், எளிதில் செரிக்காத ஒரு வகை மக்காச்சோள மாவு.

முடிவு என்ன? வழக்கமான நீர் குடித்தவர்களுக்குப் பேதி சராசரியாக 91 மணி நேரம் நீடித்தது. அரிசி மாவு சேர்த்துக் குடித்தவர்களுக்கு 71 மணி. செரிக்காத மாவு சேர்த்துக் குடித்தவர்களுக்கு 57 மணி. ஒரு நாளுக்கும் மேலான வேறுபாடு. இந்த ஆய்வு 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெயர்பெற்ற மருத்துவ இதழில் வெளியானது. காரணம் நாம் மேலே பார்த்ததுதான். மாவு பெருங்குடலுக்குப் போனது. நுண்ணுயிர்கள் அதை அமிலமாக்கின. அமிலம் உள்ளே போகும்போது உப்பையும் நீரையும் கூடவே இழுத்துக்கொண்டது. வெளியே போக வேண்டிய நீர் உடம்புக்குள் திரும்பியது.

அவர்கள் கொடுத்தது கிழங்கு மாவு அல்ல, மக்காச்சோள மாவு. பேதி வந்தவருக்கு அவித்த கிழங்கு கொடுத்தால் போதும் என்று யாரும் நினைக்கக் கூடாது. உப்புச் சர்க்கரை நீரும் மருத்துவமனையும்தான் முதலில். ஆனால் பெருங்குடலில் நடக்கும் வேலை இரண்டிலும் ஒன்றே.

இதற்கு முன்பே, ஆப்பிரிக்காவில் உகாண்டா நாட்டில் பல ஆண்டுகள் வேலை செய்த டெனிஸ் பர்க்கிட் என்ற அயர்லாந்து மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். கிழங்கும் வாழைக்காயும் பயறும் உண்ட அந்த மக்களுக்கு மலச்சிக்கல் அரிதாக இருந்தது. இங்கிலாந்தில் சாதாரணமாக வரும் குடல் நோய்கள் பல அங்கே அபூர்வம். உணவில் உள்ள நார்தான் காரணம் என்று அவர் 1970களில் ஊர் ஊராகப் பேசினார். அவர் சொன்ன எல்லாமே சரி என்று பின்னால் வந்தவர்கள் ஏற்கவில்லை. ஆனால் நார் கூடுதலாக உண்பவர்களுக்கு இதய நோயும் நீரிழிவும் குடல் புற்றுநோயும் குறைவு என்று 2019இல் வெளியான பெரிய ஆய்வும் சொன்னது.

சமைப்பதில்தான் இருக்கிறது

ஒரே கிழங்கு, சமைக்கும் முறையால் வேறு வேறு உணவாகிவிடும். இதைப் பலர் கவனிப்பதில்லை.

ஜமைக்கா நாட்டு ஆராய்ச்சியாளர்கள் பத்து வகைச் சர்க்கரைவள்ளிக் கிழங்குகளை எடுத்துச் சோதித்தார்கள். நீரில் அவித்த கிழங்கு இரத்தச் சர்க்கரையை மெதுவாக ஏற்றியது. அதே கிழங்கைச் சுட்டபோது ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் ஏற்றியது. 2011இல் வெளியான ஆய்வு இது. சுட்ட கிழங்கு அதிகம் இனிக்கிறதே, ஏன்? நெருப்பில் நெடுநேரம் இருக்கும்போது மாவு இனிப்பாக மாறுகிறது. நாக்கு சொல்வது சரிதான்.

எண்ணெயில் பொரிப்பது இன்னும் மோசம். 2025இல் அமெரிக்காவில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து எழுதிய ஆய்வு வெளியானது. வாரம் மூன்று முறை உருளைக்கிழங்கைப் பொரித்துத் தின்றவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு 20 சதவீதம் கூடியிருந்தது. அவித்தோ மசித்தோ தின்றவர்களுக்கு அப்படிக் கூடவில்லை. பள்ளிக்கூட வாசலில் விற்கும் சிப்ஸ் பொட்டலத்தைப் பிள்ளைகள் கையில் பார்க்கும்போது இது நினைவுக்கு வர வேண்டும்.

இன்னொரு செய்தி. அவித்த கிழங்கு ஆறும்போது அதன் மாவில் ஒரு பகுதி மறுபடி இறுகிக்கொள்கிறது. இறுகிய மாவு எளிதில் செரிக்காது. அது பெருங்குடலுக்குப் போய் நுண்ணுயிர்களுக்கு உணவாகிறது. சோறும் இப்படித்தான். காலையில் அவித்து ஆறிய கிழங்கை மதியம் தாளித்துச் சாப்பிடலாம். லேசாகச் சூடாக்கினாலும் பெரும்பகுதி இறுகியே இருக்கும். இதைப் பெரிய மருந்து என்று நினைத்துவிடக் கூடாது. கிடைப்பது சிறிய லாபம்தான். வெயில் காலத்தில் நாள் முழுக்க வெளியே வைத்தால் கிழங்கு கெட்டுப்போகும். லாபத்தைவிட நட்டம் பெரிதாகிவிடும்.

நாரை நீக்கிவிட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சேலத்தைப் பார்க்கலாம். மரவள்ளிக் கிழங்கை அரைத்து, பிழிந்து, மாவை மட்டும் எடுத்து உருட்டினால் ஜவ்வரிசி. சேலத்துப் பக்கம் நூற்றுக்கணக்கான ஆலைகள் இதைச் செய்கின்றன. அவர்களுக்காக 1981இல் சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கமும் தொடங்கினார்கள். மாவு எடுத்தபின் எஞ்சும் சக்கைக்குத் திப்பி என்று பெயர். அது மாட்டுத் தீவனத்துக்குப் போகிறது. நார் முழுவதும் அந்தத் திப்பியில்தான் இருக்கிறது. நமக்கு வருவது வெறும் மாவு. காய்ச்சலில் கிடந்தவருக்கு ஜவ்வரிசிக் கஞ்சி நல்லது, உடனே பலம் தரும். சர்க்கரை நோயாளிக்கு, “கிழங்கில் செய்ததுதானே” என்று அதையே தினமும் கொடுத்தால் சர்க்கரை ஏறும்.

யார், எவ்வளவு சாப்பிடலாம்?

நீரிழிவு உள்ளவர் கிழங்கைத் தொடவே கூடாது என்பது சரியல்ல. சோற்றுக்கு மேலே கிழங்கு என்பதுதான் கூடாது. சோற்றுக்குப் பதிலாகக் கிழங்கு என்றால் சாப்பிடலாம். இரண்டு கரண்டிச் சோறு குறையட்டும். அந்த இடத்தில் கையளவு அவித்த சர்க்கரைவள்ளியோ சேனையோ வரட்டும். மரவள்ளி என்றால் இன்னும் குறைவாக. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரையைச் சோதித்துப் பார்த்தால் அவரவர் உடம்பே கணக்குச் சொல்லிவிடும். மாத்திரையையோ ஊசியையோ நிறுத்தக் கூடாது.

கிழங்கில் புரதம் மிகக் குறைவு. தனியாகத் தின்றால் சீக்கிரம் பசிக்கும், சர்க்கரையும் வேகமாக ஏறும். பயறோ கடலையோ சேர்ந்தால் அந்த வேகம் குறையும். சங்கராந்தித் தட்டில் கெணசுக்குப் பக்கத்தில் அவரையும் கடலையும் இருக்கின்றனவே, அந்தச் சேர்க்கை மிக நல்ல சேர்க்கை. ஆண்டுக்கு ஒரு நாளோடு அதை நிறுத்த வேண்டியதில்லை.

பெங்களூரில் கார்மெண்ட்ஸ் ஆலைகளில் வேலை செய்யும் பெண்கள் ஏராளம். காலையில் அவசரமாக இரண்டு வாய். பிறகு நாள் முழுக்கத் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்த வேலை. கழிப்பறைக்கு எழுந்து போகத் தயங்கித் தண்ணீரே குடிக்காமல் இருக்கிறவர்கள் உண்டு. இவர்களுக்கு மலச்சிக்கல் வருவதில் வியப்பில்லை. மூலமும் பின்னாலேயே வரும். நார் உள்ள உணவு இதற்கு உதவும். ஆனால் தண்ணீர் குடிக்காமல் நாரை மட்டும் கூட்டினால் மலம் இன்னும் இறுகும். வேலை இடத்தில் சுத்தமான கழிப்பறையும் குடிநீரும் தருவது முதலாளியின் சட்டக் கடமை. அதைக் கேட்டுப் பெறாமல் கிழங்கை மட்டும் தின்று பயன் இல்லை.

கவனிக்க வேண்டியவை

மரவள்ளிக் கிழங்கில் ஒரு நஞ்சு உண்டு. கசப்பு அதன் அறிகுறி. பச்சையாகத் தின்னவே கூடாது. தடித்த தோலை முழுக்க உரித்து, துண்டாக்கி, நிறையத் தண்ணீரில் திறந்த பாத்திரத்தில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். கசந்தால் துப்பிவிட வேண்டும். திருவிதாங்கூரில் 1880களில் விசாகம் திருநாள் மகாராஜா இந்தக் கிழங்கைப் பயிரிட ஊக்கம் தந்தார். இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி நின்றபோது அங்கே பல ஏழை வீடுகளில் இதுதான் சோறு. அதனால் மலையாளிகளுக்கு இதைச் சமைக்கும் பக்குவம் தெரியும். மீன் குழம்போடு அவர்கள் சாப்பிடுவது ருசிக்காக மட்டும் அல்ல. எஞ்சியிருக்கும் நஞ்சை உடம்பு முறிக்க மீனின் புரதம் உதவுகிறது.

சேனை, கருணை, சேம்பு நாக்கை அரிக்கும். கண்ணுக்குத் தெரியாத ஊசி போன்ற படிகங்கள் அவற்றில் இருக்கின்றன. புளித் தண்ணீரில் நன்றாக வேகவைத்தால் அரிப்பு அடங்கும். பச்சை நிறம் ஏறிய உருளைக்கிழங்கையும், முளை நிறைய விட்டதையும் தூக்கி எறிவதே நல்லது.

சிறுநீரகம் பழுதானவர்களுக்குத் தனி எச்சரிக்கை உண்டு. கிழங்குகளில் பொட்டாசியம் என்ற உப்பு அதிகம். பழுதான சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாது. இரத்தத்தில் அது தேங்கினால் இதயத் துடிப்பே தடுமாறும். நீரிழிவு முற்றியவர்கள் பலருக்குச் சிறுநீரகமும் கெட்டிருக்கும். ஆகவே நீரிழிவு உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது அரசு மருத்துவமனையில் சிறுநீரும் இரத்தமும் கொடுத்துச் சிறுநீரகத்தைச் சோதித்துக்கொள்ள வேண்டும். சோதனையில் குறை தெரிந்தால், கிழங்கை எவ்வளவு சாப்பிடலாம், துண்டாக்கி நிறைய நீரில் வேகவைத்து வடித்துச் சாப்பிடலாமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.